பதின்மூன்றாம் தொகுதி: டால்ஸ்டாய் தைத்த பூட்ஸ்

சொல்லை ஆளும் தொழிலும் தோலைத் தைக்கும் தொழிலும் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை என்று கருதுவது வழக்கம். உலக இலக்கிய வரலாறு அக்கருத்தைப் பொய்ப்பித்துள்ளது. செருமனியின் நூரெம்பர்க் நகரில் வாழ்ந்த ஹான்ஸ் சாக்ஸ் (1494–1576) காலணி தைப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். ஆயிரக்கணக்கான பாடல்களை இயற்றியவர். அவரை முதன்மை மாந்தராக்கி ரிச்சர்டு வாக்னர் படைத்த இசை நாடகம் 1868-இல் அரங்கேறியது. காலணித் தொழிலாளி கவிஞராக உயர்ந்த வரலாறு அது. அதற்கு நேர்மாறான வரலாறும் ஒன்று உண்டு. உலகப் புகழ் எய்திய பின்னர், ஐம்பத்தைந்து வயதில், குத்தூசியைக் கையில் எடுத்துப் பூட்ஸ் தைக்கக் கற்றுக்கொண்ட எழுத்தாளர் ஒருவர் இருந்தார். அவர் லியோ டால்ஸ்டாய் (1828–1910).

மாஸ்கோவின் ஹமோவ்னிகிப் பகுதியில் டால்ஸ்டாய் குடும்பம் வாழ்ந்த வீடு 1921 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அவர் எழுதிய அறையை அடுத்து ஒரு சிறிய அறை இருக்கிறது. அங்கே காலணி தைக்கும் கருவிகளும், அவர் தம் கையால் தைத்த பூட்ஸும் காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளன. நாவலாசிரியரின் வீட்டில் கையெழுத்துப் படிகளைக் காணவரும் பார்வையாளர் தோலையும் நூலையும் காண நேர்கிறது. ஒரு பெரும் படைப்பாளியின் விளையாட்டு என்று இதனை ஒதுக்கிவிடலாமா? சொல் தர இயலாத ஏதோ ஒன்றைத் தோலில் அவர் தேடினாரா? அவ்வாறாயின், அத்தேடலின் விலையைக் கொடுத்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

கதையில் முளைத்த தொழில்

டால்ஸ்டாய் குத்தூசியைத் தொடும் முன்னரே அவருடைய கதைக்குள் காலணித் தொழிலாளி வந்துவிட்டார். 1881-இல் வெளிவந்த 'மனிதர்கள் எதனால் வாழ்கிறார்கள்' என்னும் கதையின் நாயகன் செமியோன் ஓர் ஏழைத் தொழிலாளி. பனியில் உடையின்றிக் கிடந்த இளைஞன் ஒருவனை அவன் வீட்டுக்கு அழைத்து வந்து தொழில் கற்பிக்கிறான். அவ்விளைஞன் மண்ணுக்கு அனுப்பப்பட்ட தேவதூதன் என்பது கதையின் இறுதியில்தான் தெரியவருகிறது.

அக்கதையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. செல்வர் ஒருவர் விலையுயர்ந்த தோலைக் கொண்டுவந்து கொடுத்து, ஓராண்டுக் காலம் உருக்குலையாமல் உழைக்கும் பூட்ஸ் வேண்டும் என்று அதட்டிக் கேட்கிறார். தேவதூதனோ அத்தோலைப் பூட்ஸாக வெட்டாமல், பிணத்துக்கு அணிவிக்கும் மென்காலணியாக வெட்டிவிடுகிறான். வீடு செல்லும் வழியிலேயே அச்செல்வர் இறந்துபோன செய்தி வருகிறது. பூட்ஸ் வேண்டா, மென்காலணியே வேண்டும் என்று பணியாள் கேட்டு நிற்கிறான்.

இங்கே தொழில்நுட்பம் ஒன்று நோக்கத்தக்கது. பூட்ஸைத் தைக்க நூலின் இரு முனைகளும் எதிரெதிராகச் செல்லும். மென்காலணிக்கு ஒருமுனைத் தையலே போதும். இளைஞன் ஒருமுனை நூலால் தைப்பதைக் கண்டு செமியோனின் மனைவி வியக்கிறாள். ஒரு மனிதனின் இறப்பு, தையல் முறையின் வேறுபாட்டால் முன்னறிவிக்கப்படுகிறது. தொழிலை உற்றுக் கவனித்த கண்ணுக்கே இந்த நுட்பம் புலப்படும். ஆயினும் கவனித்தல் வேறு, செய்தல் வேறு. அந்த இடைவெளியைக் கடக்கும் வேட்கை அடுத்த சில ஆண்டுகளில் டால்ஸ்டாயிடம் தோன்றியது.

கணக்கெடுப்பும் மனக்கணக்கும்

1882-இல் மாஸ்கோ நகரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. டால்ஸ்டாய் அதில் தாமாகவே பங்கேற்றார். நகரின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றைக் கேட்டுப் பெற்றார். நெரிசலான விடுதிகளில் அவர் கண்ட பசியும் நோயும் அவரை உலுக்கின. பணம் கொடுத்து அவ்வறுமையைத் துடைத்துவிடலாம் என்று தொடங்கியவர், தாம் கொடுக்கும் பணமே பிறர் உழைப்பிலிருந்து வந்தது என்ற முடிவுக்கு வந்தார். அச்சிந்தனையின் விளைவே 'அப்படியாயின் நாம் செய்யவேண்டியது என்ன?' என்னும் நூல். அதனை 1886-இல் அவர் எழுதி முடித்தார்.

ஒரு மனிதனின் நாள் நான்கு பகுதிகளாக அமையவேண்டும் என்பது அந்நூலில் அவர் கூறும் கருத்துகளுள் ஒன்று. வியர்வை சிந்தும் கடும் உழைப்பு முதற்பகுதி. விரல்களும் மணிக்கட்டும் பழகும் கைத்தொழில் இரண்டாம் பகுதி. அறிவுக்கும் கற்பனைக்கும் உரிய உழைப்பு மூன்றாம் பகுதி. பிறரோடு அளவளாவி மகிழ்தல் நான்காம் பகுதி. உழுதலும் விறகு பிளத்தலும் முதற்பகுதியில் அடங்கின. இரண்டாம் பகுதிக்கு அவர் தெரிவு செய்துகொண்ட தொழில் பூட்ஸ் தைத்தல். எழுத்து மூன்றாம் இடத்தில்தான் நிற்கிறது என்பது எழுதுவோர் கருதத்தக்கது.

எழுதும் அறையின் அடுத்த அறை

1882-இல் வாங்கப்பெற்ற ஹமோவ்னிகி வீட்டில்தான் டால்ஸ்டாய் குடும்பம் குளிர்காலங்களைக் கழித்தது. அங்கே தொழில் கற்பிக்கக் காலணித் தொழிலாளி ஒருவர் வருவிக்கப்பெற்றார். 1884-ஆம் ஆண்டின் நாட்குறிப்புகளில் காலணி தைத்த செய்தி இடம்பெறுகிறது. தாழ்வான இருக்கையில் குனிந்தமர்ந்து, பெருமூச்செறிந்து, நூலை முறுக்குவதிலும் தோலில் செலுத்துவதிலும் டால்ஸ்டாய் பட்ட பாட்டை, அவ்வீட்டில் பழகியவர்கள் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்துள்ளனர். ஆசிரியர் உதவ முன்வந்தால் மாணவர் இசையமாட்டார். தாமே செய்து பார்க்கவேண்டும் என்பார். கடினமான ஒரு தையல் சரியாக அமைந்துவிட்டால் பள்ளிச் சிறுவனைப்போல மகிழ்வார்.

அவர் கற்றுக்கொள்ள முயன்ற தொழில் எத்தகையது என்பதை அறிந்தால்தான் அம்மகிழ்ச்சியின் அளவு விளங்கும். கையால் பூட்ஸ் தைப்பதன் முதற்படி அளவெடுத்தல். காகிதத்தின்மேல் பாதத்தை ஊன்றச் செய்து அதன் விளிம்பை வரைந்துகொள்வர். விரல்மூட்டு, புறவடி, குதி, கணுக்கால், கெண்டைக்கால் ஆகியவற்றின் சுற்றளவுகளைத் தனித்தனியே குறிப்பர். அந்த அளவுக்கு நெருங்கிய மரத்தாலான கால் அச்சு ஒன்று எடுக்கப்பெறும். பாதம் பருத்த இடத்தில் அச்சின்மேல் தோல்துண்டுகளை ஒட்டி அதனையும் பருக்கச் செய்வர். இவ்வாறு, வராத மனிதரின் கால் தொழிலாளியின் மடியில் வந்து அமர்ந்துவிடுகிறது.

அடுத்தது வெட்டு. அளவுக்கு ஏற்பக் காகிதத்திலோ அட்டையிலோ செய்த மாதிரியைத் தோலின்மேல் வைத்து, விளிம்பைக் குறித்து வெட்டவேண்டும். இங்கேதான் பட்டறிவு தேவைப்படுகிறது. ஒரே விலங்கின் தோல் எல்லா இடத்திலும் ஒரே தன்மையுடையதன்று. முதுகுப் பகுதி இறுகி உறுதியாக இருக்கும்; வயிற்றுப் பகுதி தளர்ந்து நீளும். காலணியின் முனையிலிருந்து குதி நோக்கிய திசையில் நீட்சி குறைவாக இருக்குமாறு மாதிரியைத் திருப்பி வைத்தல் வேண்டும். தவறினால், சில நாள் நடையிலேயே பூட்ஸ் உருக்குலைந்துவிடும். ஒரே தோலில் ஓர் இணையின் இரு பாதிகளும் ஒத்த தன்மையுடைய இடங்களிலிருந்து வெட்டப்படவேண்டும். இல்லையேல் இடக்கால் ஒருவாறும் வலக்கால் வேறொருவாறும் தேயும்.

பூட்ஸின் முன்பக்கத் தோல் புறவடியில் வளைந்து மேலேறவேண்டும். தட்டையான தோல் தானாக வளையாது. அதனை நனைத்து, வளைந்த பலகையின்மேல் இழுத்து, ஆணியடித்து, உலரவிட்டு வளைவைப் பழக்குவர். பின்னர் மேல்தோலின் பகுதிகளை ஒன்றாகத் தைப்பர். தைக்கும் நூலையும் தொழிலாளியே ஆக்கிக்கொள்ளவேண்டும். பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, மெழுகும் பிசினும் ஏற்றி, இரு முனைகளிலும் ஊசிக்குப் பதிலாகப் பன்றியின் முள்மயிரைப் பிணைப்பர். குத்தூசி இட்ட ஒரே துளையில் இம்முனையும் அம்முனையும் எதிரெதிராகச் செல்ல, இரு கைகளும் ஒரே விசையோடு வெளிநோக்கி இழுக்கவேண்டும். அப்போதுதான் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் பிரியாது.

மேல்தோலை நனைத்து அச்சின்மேல் ஏற்றிக் குறட்டால் இழுத்து, உள்ளடித்தோலோடு பொருத்துவது அடுத்த நிலை. இழுப்பு மிகுந்தால் தோல் கிழியும். குறைந்தால் சுருக்கம் விழும். அதன்பின் ஓரப்பட்டையைத் தைத்து, ஊறவைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கிய அடித்தோலை அதனோடு இணைப்பர். தோலடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குதி அமைப்பர். எல்லாம் முடிந்த பின்னும் பூட்ஸ் சில நாள் அச்சிலேயே இருந்து உலரவேண்டும். அவசரப்பட்டு அச்சை உருவினால் அத்தனை உழைப்பும் வீணாகும்.

டால்ஸ்டாயின் எழுத்து முறையோடு இதனை ஒப்புநோக்குதல் தகும். அவர் திருத்தித் திருத்தி எழுதியவர். அச்சுக்குச் சென்ற படியையும் அடித்து மாற்றியவர். 'போரும் அமைதியும்' நாவலின் தொடக்கத்தையே மீண்டும் மீண்டும் எழுதிப் பார்த்தவர். காகிதம் அத்தகைய மாற்றங்களைப் பொறுத்துக்கொண்டது. தோலோ பொறாது. கத்தி தவறிய இடத்தில் தோல் மீண்டும் கூடாது. குத்தூசி இட்ட துளை மறைவதில்லை. ஐம்பத்தைந்து வயதில் அவர் முதன்முறையாகத் திருத்தப்படி இல்லாத ஒரு கலையின் முன் அமர்ந்தார்.

காகித மாதிரியும் பொறியும்

இத்தொழிலைப் புத்தகத்தின் வழியே கற்பிக்கும் முயற்சியும் நெடுநாளையது. பிரான்சின் அறிவியல் கழகம் தொழில்களை விளக்கி வெளியிட்ட நூல் வரிசையில், கார்சோ என்பவர் எழுதிய காலணிக் கலை நூல் 1767-இல் வெளிவந்தது. அதன் படங்கள் அன்றைய கருவிகளையும் வெட்டு மாதிரிகளையும் காட்டுகின்றன. 1850-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில், ஒவ்வொரு பெண்ணும் தன் காலணியைத் தானே தைத்துக்கொள்ளலாம் என்னும் பொருளில் தலைப்பிட்ட கையேடு ஒன்று வெளியாயிற்று. அதனை எழுதியவர் தம் பெயரைச் சுட்டாமல் 'ஒரு பெண்மணி' என்று மட்டுமே குறித்துக்கொண்டார். பட்டறைக்குள் பெண்கள் மேல்தோல் தைக்கும் கூலியாள்களாகவே பெரிதும் அறியப்பட்ட காலத்தில், வெட்டு முதல் முடிவு வரை அவர்களே செய்யலாம் என்று ஒரு நூல் கூறியது சிறு செய்தியன்று.

கவிஞர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் உழைப்பாளர் உரிமைக்குக் குரல் கொடுத்த சார்ட்டிஸ்டு இயக்கக் கவிஞர் ஜான் பெட்ஃபோர்டு லீனோ (1826–1894). ஏழை மக்களின் கவிஞர் என்று அறியப்பட்ட அவர், பூட்ஸும் ஷூவும் தைக்கும் கலை பற்றி விரிவான கையேடு ஒன்றை எழுதினார். அளவெடுத்தல், அச்சைப் பொருத்துதல், வெட்டுதல், தைத்தல், முடித்தல் என அது படிப்படியாக விளக்குகிறது. அந்நூல் வெளிவந்த ஆண்டு 1885. மாஸ்கோவில் நாவலாசிரியர் ஒருவர் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்த நாளில், லண்டனில் கவிஞர் ஒருவர் பூட்ஸ் தைக்கும் முறையை எழுதிக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் அறியாத இருவரும் ஒரே பட்டறையின் இரு மூலைகளில் அமர்ந்திருந்தனர் எனலாம்.

ஆயின் காலம் வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. காலணித் தொழிலில் பொறிக்கு இறுதிவரை அடங்காமல் நின்ற வேலை, மேல்தோலை அச்சின்மேல் இழுத்துப் பொருத்தும் வேலையே. தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 இணைகளைப் பொருத்துவார். டச்சு கயானா எனப்பட்ட சுரிநாமில் பிறந்து அமெரிக்காவின் லின் நகரில் காலணி ஆலையில் உழைத்த கறுப்பினத் தொழிலாளி யான் மாட்செலிகர், அவ்வேலையைச் செய்யும் பொறியை உருவாக்கி 1883-இல் காப்புரிமை பெற்றார். அப்பொறி நாளொன்றுக்கு 150 முதல் 700 இணைகள் வரை பொருத்தியது. காலணியின் விலை வீழ்ந்தது. எளிய மக்களின் கால்களுக்கும் நல்ல காலணி எட்டியது. கைத்தொழிலாளியின் நிலை தளர்ந்தது. மாட்செலிகரோ காசநோயால் 36 வயதில் 1889-இல் மறைந்தார்.

இப்பின்புலத்தில் நோக்கினால் டால்ஸ்டாயின் செயல் காலத்தை எதிர்த்து நின்ற செயலாகத் தெரிகிறது. பொறி வந்துவிட்ட மறு ஆண்டில் அவர் முள்மயிரை நூலில் பிணைத்துக்கொண்டிருந்தார். பூட்ஸ் கிடைக்கவேண்டும் என்பது அவர் நோக்கமாயின் கடைக்குச் சென்றிருப்பார். பிறர் உழைப்பின்மேல் தம் வாழ்வு நிற்கிறது என்ற உறுத்தலுக்கு மருந்து தேடியவருக்குக் கடை உதவாது.

கவிஞர் அளித்த சான்றிதழ்

டால்ஸ்டாயிடம் பூட்ஸ் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டவர்களுள் அஃபனாசி ஃபெத் (1820–1892) குறிப்பிடத்தக்கவர். ருஷ்ய மொழியின் சிறந்த தன்னுணர்ச்சிக் கவிஞர்களுள் ஒருவர். டால்ஸ்டாயின் நெடுநாள் நண்பர். நிலக்கிழாராக வாழ்ந்த அவர் டால்ஸ்டாயின் புதிய அறக்கொள்கைகளை ஏற்றவரல்லர். எனினும் பூட்ஸ் கேட்டார், கூலியும் கொடுத்தார், அதற்கு மேலாக ஒரு சான்றிதழும் எழுதித் தந்தார்.

1885 சனவரி 15 என்று நாளிட்ட அச்சான்றிதழ் ஓர் ஆவணத்துக்குரிய அமைதியோடு எழுதப்பட்டுள்ளது. தடித்த அடித்தோலும் தாழ்ந்த குதியும் வட்டமான முனையும் கொண்ட இந்த இணை, 'போரும் அமைதியும்' ஆசிரியரால் தம் வேண்டுகோளின்படி தைக்கப்பெற்றது. சனவரி 8 மாலை அவரே கொண்டுவந்து கொடுத்து 6 ரூபிள் பெற்றுக்கொண்டார். வேலையின் தகுதிக்கு அடையாளமாக மறுநாள் முதலே தாம் அதனை அணியத் தொடங்கியாயிற்று. இச்செய்திகளைக் கூறிக் கையொப்பமும் முத்திரையும் இட்டிருக்கிறார் ஃபெத்.

வினைச்சொல்லே இல்லாமல் ஒரு முழுக் கவிதையை 1850-இல் படைத்துப் புகழ்பெற்றவர் ஃபெத். அவர் ஒரு வினைக்குச் சான்று எழுத நேர்ந்தபோது உவமையையும் அணியையும் நாடவில்லை. குதியின் உயரம், முனையின் வடிவம், நாள், கூலி, அணிந்த செய்தி ஆகியவை மட்டுமே அதில் உள்ளன. நட்பின் குறும்பு அதில் இழையோடுகிறது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் ஒரு கைவினைஞர் விரும்பும் மிக உயர்ந்த மதிப்புரை அதுவே: வேலை நன்று, அணிந்து நடந்தேன்.

இதற்கு எதிரான சான்றும் கிட்டுகிறது. டால்ஸ்டாயின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய எய்ல்மர் மாட், அவர் தைத்த பூட்ஸை அணிந்த ஒருவரிடம் அதன் தரம் பற்றிக் கேட்டார். அதைவிட மோசமாக இருக்கமுடியாது என்பது கிடைத்த விடை. இரு சான்றுகளும் ஒருங்கே நிற்பதில் நன்மை உண்டு. நாவலுக்குத் திறனாய்வாளர் பலர். ஆண்டுகள் கடந்தும் வழக்கு முடிவதில்லை. பூட்ஸுக்குத் திறனாய்வாளர் ஒருவரே; அது அணிந்தவரின் கால். அதனிடம் மேல்முறையீடு இல்லை.

டால்ஸ்டாயின் மகள் தத்தியானாவை 1899-இல் மணந்த மிகயீல் சுகோதினுக்கும் ஓர் இணை பூட்ஸ் கிடைத்தது. அவர் அதனைக் காலில் அணியாமல், தம் நூலடுக்கில் டால்ஸ்டாய் படைப்புகளின் 12 தொகுதிகளை அடுத்து வைத்துப் 'பதின்மூன்றாம் தொகுதி' என்று எழுதி ஒட்டினார் என்பர். நகைச்சுவையாகச் செய்த அச்செயல் உண்மை ஒன்றையும் சுட்டுகிறது. நடப்பதற்காகத் தைக்கப்பெற்ற பொருள், தைத்தவரின் புகழால் நடக்கும் உரிமையை இழந்து அடுக்கில் ஏறிவிட்டது. மறுநாளே அணிந்து நடந்த ஃபெத்தே, தைத்தவரின் நோக்கத்துக்கு நெருங்கி நின்றார்.

சோஃபியாவின் மறுப்பு

இவ்வரலாற்றில் டால்ஸ்டாயின் மனைவி சோஃபியாவின் குரலுக்கு உரிய இடம் தரப்பெறுவதில்லை. 1884 அக்டோபரில் அவர் கணவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் எல்லாவற்றினும் மேலாக மதிக்கும் அறிவுப் பணியை விட்டுவிட்டு, தனித்தீவில் வாழ்ந்த ராபின்சனைப்போல விளையாடிக்கொண்டிருப்பதாக அவரைச் சாடினார். விறகு பிளப்பதும் தேநீருக்கு வெந்நீர் வைப்பதும் பூட்ஸ் தைப்பதும் ஓய்வாகவோ மாற்றாகவோ அமையின் நன்று. அவையே தனித்தொழில் ஆகிவிடலாகாது என்பது அவர் வாதம்.

இதனை உயர்குடிப் பெண்மணியின் சினம் என்று தள்ளுவது எளிது, நேர்மையன்று. 'போரும் அமைதியும்' நாவலின் அடித்தல் நிறைந்த படிகளைப் பலமுறை செம்மையாகப் படியெடுத்த கை சோஃபியாவின் கை. பல குழந்தைகளைப் பெற்று வளர்த்து, வீட்டுக் கணக்கைப் பார்த்து, 1885 முதல் கணவரின் நூல்களைத் தாமே பதிப்பிக்கும் பொறுப்பையும் ஏற்றவர் அவர். கைத்தொழிலின் மேன்மையைக் கணவர் கண்டறிவதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வீட்டில் ஒரு கை ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தது. அவ்வுழைப்பு நான்கு பகுதிகளுள் எதில் அடங்கும் என்று எவரும் கேட்கவில்லை. பூட்ஸுக்குக் கிடைத்ததுபோன்ற சான்றிதழும் அதற்குக் கிடைக்கவில்லை.

அவ்வீட்டுக்கு வந்து தொழில் கற்பித்த தொழிலாளியின் நிலையும் எண்ணத்தக்கது. டால்ஸ்டாய் விரும்பிய நாளில் குத்தூசியை எடுக்கலாம். விரும்பாத நாளில் கீழே வைக்கலாம். கற்பித்தவருக்கு அந்த விடுதலை இல்லை. இருவர் விரலிலும் ஒரே குத்தூசி குத்தியிருக்கும். ஒருவருக்கு அது அறத்தேடலின் தழும்பு, மற்றவருக்கு அன்றாட வாழ்வின் தழும்பு. ஒருவர் தைத்தது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றவர் தைத்தவை ஊரார் கால்களில் நடந்து தேய்ந்திருக்கும்.

குறளும் டால்ஸ்டாய் பண்ணையும்

டால்ஸ்டாயின் கைத்தொழில் கொள்கை தமிழர் வாழ்வைத் தொட்ட வழி வியப்புக்குரியது. 1908 டிசம்பரில், தாரகநாத் தாஸ் என்னும் இந்தியருக்கு விடையாக அவர் நெடியதொரு கடிதம் எழுதினார். 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்று பெயர்பெற்ற அதில் திருக்குறளின் கருத்துகள் எடுத்தாளப்பெற்றன. பிறர்க்குத் தீங்கு செய்யாமையை வலியுறுத்த அவர் வள்ளுவரை நாடினார். அக்கடிதம் காந்தியடிகளின் கைக்குக் கிட்டியது. 1909-இல் அவர் அதனைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தார்.

தென்னாப்பிரிக்காவில் சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்கு இடம் தேவைப்பட்டபோது, கட்டடக்கலைஞர் ஹெர்மன் காலன்பாக் 1910-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் இருந்த தம் 1,100 ஏக்கர் நிலத்தை அளித்தார். அதற்கு 'டால்ஸ்டாய் பண்ணை' என்று பெயரிடப்பெற்றது. இளைஞர் ஏறத்தாழ 40 பேர், முதியோர் இருவர் அல்லது மூவர், பெண்கள் ஐவர், சிறுவர் இருபது முப்பது பேர் அங்கு வாழ்ந்ததாகக் காந்தி குறிப்பிடுகிறார். அவர்களுள் தமிழர் கணிசமானோர். அவர்தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க, ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டின் துணைகொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழோடு காந்தியே முன்வந்தார்.

சொந்த வேலையாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்லவேண்டும் என்பது பண்ணையின் நெறி. எனவே காலணி அங்கே இன்றியமையாத பொருளாயிற்று. மேரியன்ஹில் என்னுமிடத்தில் இருந்த டிராப்பிஸ்டுத் துறவியர் மடத்துக்குச் சென்று காலன்பாக் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். காந்திக்கும் பிறருக்கும் கற்பித்தார். காந்தி 1911-இல் மகன்லால் காந்திக்கு எழுதிய கடிதத்தில், ஏறத்தாழப் பதினைந்து இணைகள் தைத்துவிட்டதாகவும், தேவையாயின் அளவை அனுப்புமாறும், வார் பொருத்தவேண்டிய இடங்களைப் பெருவிரலுக்கும் சிறுவிரலுக்கும் வெளிப்புறமாகக் குறித்து அனுப்புமாறும் கேட்கிறார். ஒரு காகித மாதிரி அஞ்சலில் பயணம் செய்யும் காட்சி இது. தம் மாணவர் பலர் தம்மை எளிதில் விஞ்சிவிட்டனர் என்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார்.

ஆயின் மாஸ்கோவுக்கும் டால்ஸ்டாய் பண்ணைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. டால்ஸ்டாய் கடந்தது வர்க்கத்தின் எல்லையை. இந்தியர் தோலைத் தொட்டபோது கடந்தது சாதியின் எல்லையை. தோலைப் பதனிட்டுக் காலணி தைத்தவரைத் தீண்டத்தகாதவர் என்று விலக்கிவைத்த சமூகத்திலிருந்து வந்தவர்கள், கடல் கடந்த நிலத்தில் ஒன்றாக அமர்ந்து தோல் தைத்தனர். நூரெம்பர்க்கில் ஹான்ஸ் சாக்ஸ் தம் தொழிற்குழுவின் மதிப்போடு பாடினார். காசியில் அதே தொழிலைச் செய்த இரவிதாசர், தொழிலாலும் பிறப்பாலும் தம்மீது சுமத்தப்பட்ட இழிவை எதிர்கொண்டே பாடவேண்டியிருந்தது. அவர் பாடல்கள் சீக்கியரின் திருநூலில் இடம்பெற்றன; அவர் பிறந்த சமூகத்தின்மீதான விலக்கு அதனால் நீங்கிவிடவில்லை. விரும்பி ஏற்றவரின் கையில் தோல் அறமாகிறது; பிறப்பால் திணிக்கப்பட்டவரின் கையில் அதே தோல் இழிவாக்கப்படுகிறது. இம்முரண்பாட்டை எவருடைய நற்செயலும் தனியே தீர்த்துவிட இயலாது.

எனினும் அச்செயல் பயனற்றதும் அன்று. தம்மைச் சிறையிட்ட ஆட்சியின் தலைவர்களுள் ஒருவரான ஸ்மட்சுக்கு, சிறையில் தாம் தைத்த செருப்பு ஓர் இணையைக் காந்தி 1914-இல் விடைபெறும்போது பரிசாக அளித்தார். இராதாகிருஷ்ணன் தொகுத்து 1939-இல் வெளிவந்த காந்தி மலரில் ஸ்மட்ஸ் அதனை நினைவுகூர்ந்தார். பல கோடைகளில் அச்செருப்பை அணிந்ததாகவும், அத்தகையவரின் காலணியில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்று உணர்ந்ததாகவும் எழுதினார். சொற்போரால் நெகிழாத ஒருவரைக் கைவேலை தொட்டது.

சொல்லும் வினையும்

டால்ஸ்டாய் பூட்ஸ் தைத்த அதே ஆண்டுகளில், அதே வீட்டில், 'இவான் இலியிச்சின் மரணம்' போன்ற படைப்புகளையும் எழுதினார். குத்தூசி பேனாவின் இடத்தைப் பறிக்கவில்லை. அடுத்த அறையில் அமர்ந்து அதனைக் கேள்வி கேட்டது. பொருந்துகிறதா, தாங்குகிறதா, நாளை காலை அணிந்துகொண்டு ஒருவர் நடக்க இயலுமா என்னும் வினாக்களைப் பூட்ஸிடம் கேட்கலாம். கவிதையிடமும் கேட்கலாம், விடை அத்துணை விரைவில் வராது என்பதே வேறுபாடு.

உழைப்பைப் பாடுவது எல்லா மொழிக் கவிஞர்க்கும் எளிதில் கைவந்த பொருள். உழைப்பாளியின் வியர்வை முத்தாகவும் விளக்காகவும் பாடலில் ஒளிர்கிறது. அந்த உழைப்பாளி எடுக்கும் நூலின் முனைகள் எத்தனை, தோலின் எப்பகுதி நீளும், அச்சை எத்தனை நாள் உருவலாகாது என்பன பாடலுக்குள் வருவது அரிது. செமியோனின் கதையில் ஒருமுனை நூலின் நுட்பம் வந்ததால்தான் அங்கே மரணம் நம்பத்தக்கதாயிற்று. பூட்ஸ் தைக்கக் கற்றது டால்ஸ்டாயை உழைப்பாளி ஆக்கிவிடவில்லை. தம் அடுத்த அறையில் குனிந்து அமர்ந்திருந்த மனிதரின் அறிவு எத்துணை ஆழமானது என்று அவருடைய விரல்களுக்கு அறிவித்தது. ஆறு ரூபிளுக்கு அவர் விற்றது ஓர் இணை பூட்ஸ். அதற்குள் தைக்கப்பட்டிருந்த அந்த அறிவுக்கு, கற்பித்தவரின் பெயரில் எவரும் இன்னும் சான்றிதழ் எழுதவில்லை. அதனை எழுதும் கடன் கவிஞர்களிடம் நிலுவையில் இருக்கிறது.